கூடி ஆக்கிய நாடகம்: பல்கலைக்கழக மாணவரும் களரியும்

நாடகத்தை ஒருவர் எழுதுவார், மற்றொருவர் இயக்குவார், ஏனையோர் மனப்பாடம் செய்து நடிப்பர். கல்லூரி ஆண்டு விழாக்களிலும் ஆலயங்களின் கிறிஸ்து பிறப்பு விழாக்களிலும் நாம் கண்டு பழகிய முறை இதுவே. பழக்கத்தின் காரணமாக இதுவே நாடகத்தின் இயல்பு என்றும் கருதி வந்துள்ளோம். ஆயின் 1960-களிலிருந்து தமிழ் வழங்கும் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் மாணவர்கள் வேறொரு வழியை நாடினர். எழுதி முடித்த பிரதியைக் கையில் ஏந்தாமல், ஒன்றாகக் கூடி, உடலையும் குரலையும் பயிற்றி, விவாதித்து, செய்து பார்த்து, கலைத்து, மீண்டும் செய்து ஒரு நாடகத்தை ஆக்கினர். பட்டறை என்னும் சொல் கொல்லர் தெருவிலிருந்து நாடக உலகிற்கு வந்து சேர்ந்தது இக்காலத்தில்தான்.

இவ்வழியை அவர்கள் யாரிடமிருந்து கற்றனர் என்பதே நம் ஆய்வுக்குரிய வினா. தில்லியிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும், போலந்து நாட்டுக் குரோட்டோவ்ஸ்கியிடமிருந்தும் பிரேசில் நாட்டு அகஸ்டோ போவாலிடமிருந்தும் கற்றனர் என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. அது பாதி உண்மை. மறு பாதி நம் ஊர்க் களரிகளில் கிடக்கிறது. அதைக் காணக் கொங்கு நாட்டிலிருந்து தொடங்குவது பொருத்தமாயிருக்கும். ஏனெனில் நாடகத்தின் இருவேறு உலகங்கள் அருகருகே இருந்தும் ஒன்றையொன்று பாராமல் வாழ்ந்த நிலம் அது.

கம்பெனி வாத்தியாரின் பிரம்பு

1918-ல் சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) மதுரையில் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை நாம் அறிவோம். டி. கே. எஸ். சகோதரர்கள் அச்சபையில் பயின்றே பின்னர் 1925-ல் தங்கள் சொந்தச் சபையை நிறுவினர். பாய்ஸ் கம்பெனி எனப்பட்ட இச்சபைகள் இரயில் பாதையை ஒட்டி ஊர் ஊராகச் சென்றன. சேலமும் ஈரோடும் கோவையும் அவற்றின் முக்கியத் தங்குமிடங்கள். 1932-க்குப் பின் பைக்காரா மின்சாரத்தால் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. மாலையில் வேலை முடிந்து வரும் கூட்டமும் பெருகிற்று. நவாப் இராஜமாணிக்கத்தின் குழு நடத்திய ‘இயேசுநாதர்’ நாடகத்தைப் பற்றி நம் சபைகளின் மூத்தோர் வியந்து பேசியதை இதழ் வாசகர்களிற் பலர் கேட்டிருக்கக் கூடும். 1944-ல் ஈரோட்டில் கூடிய நாடகக் கலை மாநாடு, தமிழ் மேடையின் நிலையையும் எதிர்காலத்தையும் ஆராய்ந்த ஒரு முக்கிய நிகழ்ச்சி.

பாய்ஸ் கம்பெனியின் கல்வி முறை எத்தகையது? சிறுவர்கள் எட்டு வயதிலும் பத்து வயதிலும் சேர்க்கப்பட்டனர். பாட்டு, வசனம், நடை, பணிவு ஆகிய அனைத்தும் வாத்தியாரின் வாயிலிருந்து வந்தன. தவறினால் பிரம்பு. சுவாமிகள் அபிமன்யு நாடகத்தை ஓரிரவிலேயே எழுதி முடித்தார் என்று டி. கே. சண்முகம் தம் வாழ்க்கை வரலாற்றில் கூறுகிறார். அத்தகைய மேதையின்முன் சிறுவன் செய்யக்கூடியது பாடம் பண்ணுதல் ஒன்றே. ஸ்திரீ பார்ட்டில் புகழ் பெற்ற பையனுக்கு மகரக்கட்டு வந்து குரல் உடைந்துவிட்டால் அவன் நிலை அதோடு ஆட்டங்கண்டுவிடும். நடிப்பின் நுணுக்கங்கள் அனைத்தையும் அங்குச் சிறுவன் கற்றான். ஒரு நாடகத்தை ஆக்குவது எவ்வாறு என்பதை மட்டும் கற்கவில்லை. இதைக் குறையாகக் கூறுவது எளிது. எனினும் ஏழைப் பிள்ளைகளுக்குச் சோறும் தமிழும் இசையும் ஒருங்கே அளித்த வேறு பள்ளி அன்று இருந்ததா என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இக்கலைஞர்களைப் பின்னர்ச் சினிமா விழுங்கிற்று. சேலத்தில் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையில் சென்ட்ரல் ஸ்டூடியோ, பட்சிராஜா ஸ்டூடியோ என்று 1930-களிலும் 1940-களிலும் எழுந்த படப்பிடிப்பு நிலையங்கள் கம்பெனிகளின் நடிகர்களைத் தம்பால் இழுத்தன. நாடகக் கம்பெனியில் வளர்ந்த எம். ஜி. ஆர். முதன்முதலாகக் கதாநாயகனாக நடித்த ‘ராஜகுமாரி’ (1947) கோவையில் எடுக்கப்பட்டதே. மேடையில் எஞ்சியது சபா நாடகமும் கல்லூரி விழா நாடகமும். இவை வாத்தியாரின் பிரம்பைக் கைவிட்டன. வாத்தியாரின் அதிகாரத்தைக் கைவிடவில்லை.

படுகளம்

இவை யாவும் நகரங்களில் நடந்துகொண்டிருக்க, காங்கேயம், தாராபுரம் வட்டாரக் கிராமங்களில் உடுக்கையடிப் பாடகர்கள் அண்ணன்மார் சாமி கதையைப் பல இரவுகள் தொடர்ந்து பாடி வந்தனர். முதற்பாடகர் ஓரடி பாட, துணைப்பாடகர் அதை ஏந்திப் பதில் கொடுப்பார். இடையிடையே வசனம் பேசிக் கேள்வியும் கேட்பார். அச்சிட்ட பிரதி எதுவும் அவர் முன் இராது. கூட்டத்தின் முகத்தைப் பார்த்துக் கதை நீளும், சுருங்கும். பிரெண்டா பெக் என்னும் கனடா நாட்டு மானிடவியலார் 1965-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காங்கேயம் பகுதியில் தங்கி இக்கதையை ஒலிப்பதிவு செய்து, 1982-ல் அதைப் பற்றி விரிவான நூலொன்றை வெளியிட்டார். அவர் பதிவு செய்த வாய்மொழி வடிவத்தையும் ஏட்டு வடிவத்தையும் ஒப்பிடுவோர், ஒரே கதை எத்தனை கைகளால் ஆக்கப்படுகிறது என்பதைத் தெளிவாகக் காண்பர்.

கதையின் உச்சம் படுகளம். பொன்னரும் சங்கரும் மாண்டு விழும் கட்டத்தில் ஊர் இளைஞர்களிற் சிலர் அருள் வந்து உண்மையாகவே நிலத்தில் விழுந்து கிடப்பர். அவர்கள்மேல் வெள்ளைத்துணி போர்த்தப்படும். தங்கை அருக்காணித் தங்காளின் புலம்பல் பாடப்படும். பின்னர் நீர் தெளித்து அவர்களை எழுப்புவர். இங்கே நடிகன் யார், பார்வையாளன் யார்? விழுந்தவனின் தாய் அருகில் நின்று அழுவது நடிப்பா? இவ்வினாக்களுக்கு விடை காண்பது மேனாட்டு அரங்கியலாருக்கு இருபதாம் நூற்றாண்டின் பெருஞ்சிக்கலாயிற்று. கொங்கு நாட்டு உழவருக்கு இது வினாவாகவே எழவில்லை.

கோவைக் கல்லூரிகளில் பயின்ற மாணவர்களில் எத்தனையோ பேர் இத்தகைய ஊர்களிலிருந்து வந்தவர்களே. விடுமுறையில் அவர்கள் படுகளத்தில் நின்றனர். கல்லூரி விழாவில் எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பித்தனர். ஊரில் அறிந்தது கல்லூரியில் அறிவாக மதிக்கப்படவில்லை. இழப்பு எங்கே நேர்ந்தது என்று கேட்டால் இங்கேதான் என்று கூறத் தோன்றுகிறது.

காந்திகிராமமும் திருச்சூரும்

மாற்றத்தின் முதல் அலைகள் கொங்கு நாட்டின் இருபுறமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் எழுந்தன. தென்கிழக்கே, எல்லைக்குச் சற்று அப்பால், திண்டுக்கல்லை அடுத்த காந்திகிராமம் 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாயிற்று. அங்கு 1977-ல் தேசிய நாடகப் பள்ளியின் துணையுடன் பல வாரங்கள் நீடித்த நாடகப் பயிற்சிப் பட்டறை ஒன்று நடைபெற்றது. மேற்கே, பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டி, கோவையிலிருந்து சுமார் 115 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சூரில், அதே 1977-ல் கோழிக்கோட்டுப் பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி ஜி. சங்கரப் பிள்ளையின் தலைமையில் தோன்றியது. இரண்டையும் இணைத்தவர் பேராசிரியர் சே. இராமானுஜம். தில்லி நாடகப் பள்ளியில் பயின்று திரும்பிய அவர் காந்திகிராமத்திலும் திருச்சூரிலும் பின்னர்த் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலும் ஆசிரியராக விளங்கினார். அதற்குப் பத்தாண்டு முன்னர், 1967-ல், கேரளத்துச் சாஸ்தாங்கோட்டையில் சங்கரப் பிள்ளையும் நண்பர்களும் கூட்டிய முதல் நாடகக் களரி இவை அனைத்திற்கும் வித்திட்டது எனலாம். களரி என்ற சொல்லை அவர்கள் தேர்ந்தது தற்செயலன்று. போர்ப்பயிற்சி நடக்கும் இடமும் கூத்தாடும் இடமும் ஒரே பெயரைக் கொண்டவை.

காந்திகிராமப் பட்டறையில் பங்குபெற்ற மு. இராமசுவாமி மறு ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். சென்னையில் ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை 1977-லும் ஞாநியின் பரீக்‌ஷா 1978-லும் உருப்பெற்றன. 1980-ல் வங்க நாடகாசிரியர் பாதல் சர்க்கார் சோழமண்டலத்தில் நடத்திய பட்டறை இக்குழுக்களுக்குப் புதிய வேகம் அளித்தது. மேடை, ஒளி, ஒப்பனை, நுழைவுச்சீட்டு ஆகிய அனைத்தையும் களைந்து, மனித உடலை மட்டும் கருவியாகக் கொண்டவர் அவர். அவருடைய ‘போமா’ (1976) சுந்தரவனக் கிராமம் ஒன்றின் வாழ்வை அறிந்து, குழுவினர் சேர்த்த செய்திகளிலிருந்தும் அனுபவங்களிலிருந்தும் தொகுக்கப்பட்டது. அதில் நடிப்போருக்கு நிலையான பாத்திரங்கள் இல்லை.

பட்டறைகளில் மாணவர் கற்றவை யாவை? ஒருவரையொருவர் நம்பிப் பின்னோக்கிச் சாய்ந்து விழுதல், கண்ணாடிபோல் எதிரிலுள்ளவரின் அசைவைத் திருப்பித் தருதல், சொல்லின்றி ஒரு காட்சியைக் கட்டுதல், செய்தித்தாளின் ஒரு செய்தியைப் பத்து நிமிடத்தில் அரங்காக்குதல் முதலியன. விளையாட்டாகத் தோன்றும் இப்பயிற்சிகளில் ஒரு கடுமை உண்டு. சாய்ந்து விழுபவன் தன்னைத் தாங்கப் போகும் கைகள் எந்தச் சாதியின் கைகள் என்று கேட்க இயலாது. ஆணும் பெண்ணும் தொட்டுப் பயில வேண்டியிருந்தது பல பெற்றோருக்கு உவப்பாக இருந்திராது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

எனினும் பட்டறைக்கும் ஓர் எல்லை இருந்தது. பயிற்சி தருபவர் நகரத்திலிருந்து வந்தார், பயில்பவர் படித்தவர். கூத்துக் கலைஞர் அழைக்கப்பட்டபோதும் பெரும்பாலும் அடவு சொல்லிக் கொடுக்கவே அழைக்கப்பட்டார். நாடகம் எதைப் பற்றியது என்று முடிவு செய்யும் வட்டத்தில் அவருக்கு இடமிருந்ததா என்பது வேறு செய்தி. இவ்வினாவை முழு அளவில் எதிர்கொண்டவர்களைக் காண நாம் கடல் கடந்து இலங்கைக்குச் செல்ல வேண்டும்.

பேராதனை முதல் சீலாமுனை வரை

1956-ல் பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எதிரிவீர சரச்சந்திர ‘மனமே’ என்னும் சிங்கள நாடகத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். அது நாடகம என்னும் பழைய சிங்கள ஆடல் வடிவத்தின் புத்துயிர்ப்பு. குணசிங்க குருன்னான்சே என்ற கிராமத்து ஆசான் அதற்குத் துணை நின்றார். நாடகம வடிவமோ தமிழ்க் கூத்திலிருந்து, அதிலும் கத்தோலிக்கர் ஆடிய கூத்துகளின் வழியாக, சிங்களத்திற்குச் சென்றது. சிங்களத்தில் நாடகமவை முதலில் இயற்றியவராகக் கருதப்படும் பிலிப்பு சிஞ்ஞோ ஒரு கத்தோலிக்கக் கொல்லர். பட்டறை என்ற சொல்லின் பிறப்பிடத்தை நினைக்குங்கால் இது ஒரு சுவையான ஒற்றுமை.

தம் மரபிலிருந்து கடன் பெற்ற வடிவம் சிங்கள மேடையில் சிறப்பெய்தியதைக் கண்ட தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்பு, மன்னார், யாழ்ப்பாணக் கூத்துகளை நாடிச் சென்றார். அண்ணாவிமார் மாநாடுகளையும் கூத்துப் போட்டிகளையும் நடத்தினார். ஏட்டிலிருந்த கூத்துகளைப் பதிப்பித்தார். கீழ்த்திசை ஞானியர் மூவரின் கதையைக் கூறும் மன்னார்ப் பகுதியின் ‘மூவிராசர் நாடகம்’ 1966-ல் அவரால் வெளிவந்தது என்பது நம் வாசகர்களுக்குச் சிறப்பாகக் குறிப்பிடத்தக்கது. பேராதனை மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963), ‘இராவணேசன்’ (1964), ‘வாலிவதை’ (1968) ஆகியவற்றை மேடையேற்றினார்.

இங்கு நாம் சற்று நின்று நோக்குதல் தகும். மாணவருக்குக் கூத்தைப் பயிற்றியவர் மட்டக்களப்பு வந்தாறுமூலையைச் சேர்ந்த செல்லையா அண்ணாவியார். பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவரல்லர். ஆயின் மத்தளத்தின் தாளக்கட்டுகளும் வடமோடி ஆட்டங்களும் அவர் உடலில் இருந்தன. மட்டக்களப்பிலிருந்து வந்த மாணவரான சி. மௌனகுரு, ஊரில் கூத்தைக் கண்டு வளர்ந்தவர். பேராசிரியருக்கு அரங்க நோக்கு உண்டு. அண்ணாவியாருக்குக் கலை உண்டு. மாணவருக்கு இரண்டையும் இணைக்கும் வாழ்வு உண்டு. கர்ணனாக ஆடிய மௌனகுருவே ‘இராவணேசன்’ பிரதியை எழுதினார், இராவணனாகவும் ஆடினார். கற்பவன் ஆக்குபவனாக மாறிய தருணம் அது. பாய்ஸ் கம்பெனிச் சிறுவனுக்கு இது கனவிலும் கிட்டாதது.

ஆயின் விலையும் கொடுக்கப்பட்டது. ஊரில் கூத்து வட்டக்களரியில் நடைபெறும், நாற்புறமும் மக்கள் அமர்வர், விடியும்வரை நீளும். பேராதனையில் அது ஒருபுறம் திறந்த படச்சட்ட மேடைக்கு ஏற்பச் சுருக்கப்பட்டு, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் அடங்கியது. கூத்துக்கு ஊரில் ஒரு நீண்ட ஒழுங்கு உண்டு. சட்டம் கொடுத்தல், சதங்கை அணிதல், அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் எனப் பல மாதங்கள் ஊரே கூடிச் செய்யும் பணி அது. எந்தப் பாத்திரம் யாருக்கு என்பதில் தொடங்கி அனைத்தும் ஊரின் முன்னிலையில் தீரும். பல்கலைக்கழக மேடைக்கு வந்தது ஆட்டமும் பாட்டும். வராதது அந்த ஊர். இக்குறையைக் கூறுவதால் வித்தியானந்தனின் பணி சிறுமையடையாது. அவர் செய்யாதிருந்தால் பின் வந்தோர் திறனாய்வதற்கே பொருள் இருந்திராது.

யாழ்ப்பாணத்தில் வேறொரு வழி திறந்தது. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978-ல் நாடக அரங்கக் கல்லூரியை நிறுவி அரங்க விளையாட்டுகளின் வழியே பயிற்சியளித்தார். 1985-ல் அவர் எழுத, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்த, யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர் நடித்த ‘மண் சுமந்த மேனியர்’ ஊர் ஊராகச் சென்றது. 1983-இன் வன்செயலும் அதைத் தொடர்ந்த இராணுவ நெருக்கடியும் ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்திருந்த காலம். மாணவர்கள் நடித்தது வேறு யாரோ ஒருவருடைய துயரத்தை அன்று. தம் தோழர் சிலர் இயக்கங்களில் சேர்ந்துவிட்ட நிலையில், எஞ்சியோர் கூடிப் பேசுவதற்கு நாடக ஒத்திகை ஒன்றே இடமாயிருந்தது என்று கொள்ளவும் இடமுண்டு. கூட்டாக ஆக்குதல் என்பது கலைக்கொள்கையாக இல்லாமல் வாழ்வதற்கான தேவையாக மாறிய நிலை அது.

இந்த இரு ஓடைகளும் கலந்த இடம் மட்டக்களப்பின் சீலாமுனை. கிழக்குப் பல்கலைக்கழகத்து சி. ஜெயசங்கர் 2000-களின் தொடக்கத்தில் கூத்து மீளுருவாக்கம் என்னும் முயற்சியை அக்கிராமத்திலேயே மேற்கொண்டார். கூத்தைப் பல்கலைக்கழகத்திற்குக் கொண்டு வருவதற்கு மாறாக, பல்கலைக்கழகத்தார் களரிக்குச் சென்றனர். வட்டக்களரி வட்டக்களரியாகவே இருந்தது. அண்ணாவியாரும் ஆடுவோரும் ஊராரும் அமர்ந்து பழைய பிரதியை வரிவரியாக விவாதித்தனர். பெண்ணை இழிவுபடுத்தும் வரி எது, சாதியைத் தாழ்த்தும் சொல் எது, அவற்றை மாற்றினால் தாளம் கெடுமா, தெய்வக்குற்றம் ஆகுமா என்பன போன்ற வினாக்கள் அங்கு எழுந்தன. அண்ணாவியார் ஏற்காத மாற்றம் களரிக்கு வர இயலாது. ஊரார் ஏற்காததை அண்ணாவியாரும் ஆட்ட இயலாது. ஆய்வாளர் அங்கு ஒரு குரல் மட்டுமே. முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் பேராதனைக்கு வராமற்போன ஊர் இப்போது ஆசிரியன் இடத்தில் அமர்ந்திருந்தது.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தியாப்பிலஸ் அப்பாவு (1940-2005) இசையில் செய்ததும் இதனோடு ஒப்பிடத்தக்கது. தாம் இயற்றிய பாடல்களைக் கிராமத்தார் மாற்றிப் பாடுவதை அவர் பிழையாகக் கருதாமல் வரவேற்றார் என்பதை அவரிடம் பயின்ற ஆயர்கள் அறிவர்.

சாம்புவனின் இடம்

மீண்டும் கொங்கு நாட்டிற்கு வருவோம். கூடிச் செயற்படும் ஆற்றல் இங்குக் குறைவாக இருந்ததில்லை. 1971-ல் கோவையில் கல்லூரி ஆசிரியரும் இளைஞரும் சேர்ந்து நடத்திய வானம்பாடி இயக்கம் தமிழ்ப் புதுக்கவிதையின் போக்கையே மாற்றிற்று. விலையில்லாக் கவிமடலாக வந்த அவ்விதழ் ஒருவரின் உடைமையாக இருக்கவில்லை. கவிதையில் இயன்றது அரங்கில் அதே அளவுக்கு நிகழாமற்போனமைக்குக் காரணம் ஆற்றற் குறைவு அன்று என்பது நம் கருத்து. கவிதைக்குத் தாளும் நண்பர்களும் போதும். நாடகத்திற்கு உடல்கள் ஒரே இடத்தில் பல மாதங்கள் கூட வேண்டும். அவ்வுடல்கள் எந்தெந்தத் தெருவிலிருந்து வருகின்றன என்பது உடனே கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

சீலாமுனையைப்போல அண்ணன்மார் கதையைக் கூடி மீளுருவாக்க ஒரு மாணவர் குழு முற்படுவதாகக் கொள்வோம். அது எளிய பொருள் அன்று. கதை வேளாளச் சகோதரரின் வீரத்தைப் போற்றுவது. வேட்டுவரோடு அவர்களுக்கிருந்த பகையே அதன் முடிச்சு. இருதரப்பு மரபினரும் இன்றும் கொங்கு நாட்டில் வாழ்கின்றனர். ஒரே வகுப்பறையில் பயில்கின்றனர். தங்காளின் சொல் இல்லையேல் கதை நகராது. எனினும் போற்றப்படுவது தமையன்மாரின் வாள். சகோதரரோடு இறுதிவரை நிற்பவன் சாம்புவன், தாழ்த்தப்பட்ட குலத்தைச் சார்ந்தவன். பறையை முழக்குபவன் அவன். போரில் முன்னிற்பவனும் அவன். உடுக்கைப் பாட்டில் அவனது பற்று புகழப்படுகிறது, அவன் மனம் பேசப்படுவதில்லை. பாட்டை அறிந்த முதியவர் ‘இப்படித்தான் பாடுவது’ என்பார். சாம்புவனின் தெருவிலிருந்து வந்த மாணவன் வேறொன்றைக் கூறக்கூடும். முதியவரை ஒதுக்கிவிட்டு மாணவர் தாமே எழுதினால் அது மற்றுமொரு கல்லூரி நாடகமாக முடியும். முதியவருக்கு முற்றும் பணிந்தால் பாய்ஸ் கம்பெனிக்கே திரும்பியதாகும். படுகளத்தில் விழுந்தவர்களை எழுப்பும்பொழுது சாம்புவன்மேலும் நீர் தெளிக்கப்பட வேண்டுமா, தெளிப்பது யார் கை என்ற வினா அக்குழுவின் ஒத்திகையில் முதல் வாரத்திலேயே எழும். அதற்குரிய விடை எந்தப் பிரதியிலும் எழுதி வைக்கப்படவில்லை.